மறைந்தவர் குரலில் மேடைப் பேச்சு: சொல்வன்மைக்கு யார் பொறுப்பு?

தாமிரபரணியான் எழுதியது:

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அரசியல் பக்கத்தில் ஒன்றாகவும் திரைப்படப் பக்கத்தில் மற்றொன்றாகவும் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டில், 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்த கலைஞர் கருணாநிதி பெருந்திரையில் தோன்றித் தம் கரகரத்த குரலில் பேசினார். அதே மாதத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலித்தன. அடுத்த மாதம் 24ஆம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று, அதிமுக அவருடைய குரலை அவ்வாறே உருவாக்கி வெளியிட்டது. அரசியலும் இசையும் கணினியும் இப்படி ஒரே வாசலில் வந்து நின்றதை வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு நெருக்கமாக நான் கண்டதில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்வன்மையைச் சொல்லின் வன்மையாக மட்டுமே கற்பித்து வந்திருக்கிறோம். எதுகை, மோனை, அடுக்குமொழி, உவமை என்று பட்டியலிட்டு, பேச்சுப் போட்டியில் மதிப்பெண் போட்டுவிட்டு அமைந்துவிடுகிறோம். ஆனால் வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல், அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் தனித்தனியே இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். 'அவையறிந்து ஆராய்ந்து சொல்லுக' என்று 711ஆம் குறள் கட்டளையிடுகிறது. எதிரே இருப்பவர் யார், அவர் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறார், இந்தச் சொல்லை இவர் தாங்குவாரா என்று அளந்து பேசுபவனைத்தான் அவர் பேச்சாளனாக ஏற்கிறார். மறைந்த தலைவரின் குரல் எந்த அவையையும் அறியாது, எந்த அவைக்கும் அஞ்சத் தேவையும் இல்லை. சேலத்தில் ஒலித்ததைச் சொல்வன்மை என்று ஏற்பதா, அல்லது சொல்வன்மையின் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்ட வேறொன்றாகக் கருதுவதா என்பதே என் கேள்வி.

இடையில் ஒன்று. கலைஞருக்கு 2016 டிசம்பரில் மூச்சுக்குழாயில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவர் மேடையேறிப் பேசவே இல்லை. ஆகவே திரையில் வந்த குரல் அவருடைய இறுதிக்காலக் குரலாக இருக்க வாய்ப்பில்லை. அவருடைய வாழ்நாளில் ஏதோ ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்தக் கலைஞர் நமக்கு வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார் என்பதையும் விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சித்திரைவெயில் எழுதியது:

ஐயா, தங்கள் கவலை புரிகிறது. ஆனால் உடலிலிருந்து குரலைப் பிரித்து எடுத்து வேறோர் உடலுக்குப் பொருத்துவது தமிழர்களுக்குப் புதிய அனுபவமா என்ன?

1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தின் 'நான் ஆணையிட்டால்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 'நான்' யார்? சொற்களை எழுதியவர் வாலி. குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. வாயசைத்து, சாட்டையைச் சுழற்றியவர் எம்.ஜி.ஆர். ஆனால் கொட்டகையில் அமர்ந்திருந்தவருக்கும், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1977இல் வாக்குச்சாவடிக்குப் போனவருக்கும் அந்த 'நான்' ஐயத்துக்கிடமின்றி எம்.ஜி.ஆர். ஒருவரே. அதே சௌந்தரராஜன் சிவாஜிக்கும் பாடினார் என்பது எல்லாருக்கும் தெரியும்; தெரிந்திருந்தும் யாரும் குழம்பவில்லை. எழுதியவன் ஒருவன், பாடியவன் ஒருவன், உரிமை கொண்டாடியவன் மற்றொருவன் என்ற ஏற்பாட்டில்தான் இம்மாநிலத்தின் மிக வலிமையான அரசியல் வாக்கியங்கள் பிறந்தன. பின்னணிப் பாடலை ஏற்றுக்கொண்ட காதுக்குப் பின்னணிப் பேச்சு மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

அவையறிதலைப் பற்றியும் ஒரு சொல். ஜெயலலிதா தம் தேர்தல் உரைகளை எழுதி வைத்துப் படித்தார். 'செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?' என்று கேட்பதற்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். கூட்டம் பதிலளித்தது; ஆனால் அந்தப் பதிலால் அடுத்த பக்கம் மாறவில்லை. அவையை அறிந்து பேசும் பேச்சாளர் என்ற படிமம் உயர்வானது என்றாலும், பொதுக்கூட்ட வரலாற்றில் அது எல்லாருக்கும் பொருந்தவில்லை என்பதை நாம் மறைக்கக் கூடாது.

பந்தல்காரர் எழுதியது:

எங்கள் குடும்பம் காவிரிக் கழிமுகப் பகுதியில் மூன்று தலைமுறையாக மைக் செட்டும் பந்தலும் வைத்திருக்கிறது. கல்லூரிப் படிப்பு இல்லை. மேடைக்குப் பின்னால் நின்று கேட்ட அறிவு உண்டு.

பொதுக்கூட்டம் இரவில் என்றால் எங்கள் வேலை பிற்பகலிலேயே தொடங்கிவிடும். முதலில் பக்திப் பாடல், பிறகு கட்சிப் பாடல். திமுக கூட்டம் என்றால் நாகூர் ஹனிபாதான். 'ஓடி வருகிறான் உதயசூரியன்' என்று குழாயில் எழும்பினால் மூன்று ஊருக்கு அப்பால் களத்துமேட்டில் நிற்பவருக்கும் இன்று கூட்டம் உண்டு என்று தெரிந்துவிடும். அந்தக் கூம்புக் குழாய்களில் தாழ்ந்த ஒலி நிற்காது. நடுத்தர, உயர்ந்த ஒலிதான் தொலைவு போகும். ஹனிபாவின் குரல் அந்தக் குழாய்க்கென்றே அமைந்தது போல இருக்கும். அவர் 2015இல் மறைந்த பிறகும் அவருடைய பாட்டைப் போடுகிறோம். அதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. அது அவர் பாடியது.

இன்னொன்றைப் படித்தவர்கள் கவனித்திருக்கிறார்களா என்று அறிய விரும்புகிறேன். பெரிய மைதானத்தில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருப்போம். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடைக்கு அருகில் இருப்பவருக்குப் பக்கத்துக் குழாயின் ஒலி உடனே கேட்கும். 170 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி அரை நொடி பிந்தி வந்து மோதும். விரைந்து பேசினால் சொல்லும் சொல்லும் கலந்து இரைச்சலாகிவிடும். அந்தக் காலப் பேச்சாளர்கள் சொற்றொடரை இழுத்து, நிறுத்தி, ஒரே ஓசையில் முடியும் சொற்களை அடுக்கிப் பேசியதற்கு இலக்கியம் ஒரு காரணம் என்றால், எங்கள் குழாய் மற்றொரு காரணம். ஒரு சொல் காதில் தப்பினாலும் எதுகை அதைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

கலைஞர் 'என் உயிரினும் மேலான' என்று தொடங்குவார். கூட்டம் அங்கேயே எழும்பிவிடும். அந்த ஆரவாரம் அடங்கும் வரை 'அன்பு உடன்பிறப்புகளே' வராது. எத்தனை நேரம் காத்திருப்பது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அந்த இடைவெளியில் நாங்கள் ஒலியைக் குறைத்து, அவர் வாய் திறக்கும் நொடியில் ஏற்ற வேண்டும். அவருடைய தோளைப் பார்த்தே கண்டுபிடிப்போம். எழுதி வைத்துப் படிப்பவர்களுக்கும் இந்த இடைவெளியை எழுதிக் கொடுக்க முடியாது என்பதைச் சித்திரைவெயில் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒலிக்கூடம் எழுதியது:

ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், குரல் உருவாக்கம் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்வது விவாதத்துக்கு உதவும். இரு வழிகள் உள்ளன. எழுத்தைக் கொடுத்தால் குறிப்பிட்டவரின் குரலில் கணினியே படித்துவிடுவது முதலாவது. உயிரோடிருக்கும் ஒருவர் பேசியோ பாடியோ பதிவு செய்ய, அந்தப் பதிவின் குரல்வளத்தை மட்டும் மாற்றி மற்றவரின் குரல்வளத்தை ஏற்றுவது இரண்டாவது. பாடல்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழியே ஏற்றது. ஏனெனில் கமகத்தையும் மூச்சையும் எழுத்தால் கொடுக்க முடியாது.

இரண்டாவது வழியில் மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது, எந்த அசை அழுத்தப்படுகிறது, எந்த இடத்தில் குரல் தழுதழுக்கிறது என்பவை அனைத்தும் உயிரோடிருக்கும் அந்தப் பெயரற்ற மனிதருடையவை. மறைந்தவரிடமிருந்து எடுக்கப்படுவது குரலின் நிறம் ஒன்றே. பந்தல்காரர் சொன்ன இடைவெளியை, அதாவது கேட்பவரை வசப்படுத்தும் அந்த நிறுத்தத்தை, யாரோ ஒருவர் தம் மதிப்பீட்டின்படி வைக்கிறார். அதன் புகழ் மறைந்த தலைவருக்குப் போகிறது. பேச்சுக்கலையின் உயிர்நாடியான பகுதியைச் செய்தவர் எவரோ, அவருக்கே பெயரில்லை.

இத்துடன் ஒரு தொழில்முறைக் குறிப்பு. எல்லாருடைய பேச்சையும் ஒரே எளிமையில் பிரதி செய்ய இயலாது. அண்ணா வழிவந்த மேடைத் தமிழ், செந்தமிழ் நடையில், அளவான வாக்கியங்களில், எதிர்பார்த்த இடத்தில் முடியும் ஓசையோடு அமைந்தது. அதற்கு வாய்பாடு உண்டு. ஆகவே கணினிக்கும் அது எளிது. காமராசர் வீட்டுத் திண்ணையில் பேசுவது போல மேடையிலும் பேச்சு வழக்கில் பேசினார். பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், தமக்குள்ளேயே திரும்புவார். அந்தப் பேச்சைப் பிரதி செய்தால் கேட்பவருக்கு உடனே ஏதோ இடிக்கும். மேடைக்கலையில் எந்த மரபு மிகவும் செப்பமடைந்ததோ அதுவே மிக எளிதில் களவாடப்படும் நிலையில் இருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது.

வடசென்னை வாசகி எழுதியது:

சித்திரைவெயில் அவர்களின் பின்னணிப் பாடல் வாதம் கூர்மையானது. ஆனால் அது பாதி வரலாற்றோடு நின்றுவிட்டது. திரைப்பாடலின் 'நான்' மூன்று பேருக்கிடையே பங்கிடப்பட்டது என்றால், கடந்த பத்தாண்டுகளில் தமிழ்த் தனியிசை செய்த பெரிய வேலை அந்த 'நானை' ஒரே உடலுக்கு மீட்டுக் கொடுத்ததாகும்.

2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முறையாக மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீட்டையும் சாதி வன்முறையையும் பற்றி அவர்கள் பாடினார்கள். பாடியவரே எழுதியவர், எழுதியவரே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் என்பதே அந்தப் பாடல்களின் முதல் வாதம். ராப் இசையில் தன் பெயரைச் சொல்லி, தன் தெருவைச் சொல்லி, தன் பாட்டியைச் சொல்லித்தான் ஒருவர் பேசத் தொடங்குகிறார். நீதிமன்றத்தில் சாட்சி தன் பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்குவதற்கு நிகரான செயல் அது. ஒப்பாரியும் அப்படித்தான்: யார் அழுகிறாள், இறந்தவனுக்கு அவள் என்ன உறவு என்பது தெரியாமல் ஒப்பாரியைக் கேட்க முடியாது.

ஆகவேதான் 2021இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலைச் சூழ்ந்து அவ்வளவு பெரிய சர்ச்சை எழுந்தது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தபோது அந்தப் பாடலின் ராப் பாடகர் அறிவு மேடையில் இல்லை. அவர் தம் பங்கை விளக்கி எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தம் தரப்பை விளக்கி எழுதினார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமன்று. பின்னணிப் பாடல் மரபில் பாடியவர் மேடையில் இல்லாதிருப்பது செய்தியே அன்று. இந்தப் பாடலுக்கு மட்டும் அது செய்தியானது. கேட்பவர்களின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது என்பதற்கு அது சான்று. நிலத்தை இழந்த மூதாதையரைப் பற்றிப் பாடும் குரல், அந்த மூதாதையரின் பேரனுடைய உடலோடு வர வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். சௌந்தரராஜன் காலத்துக் காதை வைத்து இன்றைய காதை அளக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மகிழினி எழுதியது:

சட்டத் துறையில் இருப்பதால் பொறுப்பு என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் மேடைப் பேச்சின் தொடக்கக் காலமே வழக்குகளின் காலம். 1908இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பொதுக்கூட்டங்களில் பேசியதற்காக வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு வழங்கிய தண்டனையில் ஒரு பகுதி அவரே பேசியதற்கு. மற்றொரு பகுதி சிவாவுக்கு ஆதரவளித்ததற்கு. இரண்டும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் பின்னர் குறைக்கப்பட்டது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2015 அக்டோபரில் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சியில் கைது செய்யப்பட்டு, வ.உ.சி. மீது பாய்ந்த அதே 124ஏ என்னும் அரசத் துரோகப் பிரிவின்கீழ் வழக்கைச் சந்தித்தார். அந்தச் சட்டத்தை நான் நியாயப்படுத்தவில்லை; உச்ச நீதிமன்றமே 2022 மே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் கூட்டத்தில் நின்றவருக்கு ஒன்று தெரியும்: இந்த மனிதர் இதைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போகக்கூடும், இருந்தும் சொல்கிறார். அந்தப் பேச்சின் வன்மையில் அந்த அறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. உருவாக்கப்பட்ட குரலைக் கைது செய்ய முடியாது. அவதூறு வழக்குத் தொடர்ந்தால் கூண்டில் யாரை நிறுத்துவது என்பதிலேயே ஆண்டுகள் போகும்.

உரிமையின் நிலையும் விந்தையானது. உயிரோடிருப்பவரின் குரலுக்கு நீதிமன்றங்கள் பாதுகாப்பு அளிக்கத் தொடங்கிவிட்டன. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருடைய குரலைப் பிரதி செய்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் மறைந்தவரின் நிலை வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்துக்கும் இணையத் தொடருக்கும் தடை கோரி அவருடைய அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவரின் ஆளுமை உரிமையும் அந்தரங்க உரிமையும் அவருடைய வாழ்நாளோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குச் செல்வதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. கலைஞரின் நூல்களை 2024இல் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. அவர் எழுதிய சொற்கள் நம் எல்லாருக்கும் சொந்தம். அவற்றை மாற்றாமல் அச்சிட வேண்டும் என்ற மரபும் உண்டு. அவர் சொல்லாத சொற்களை அவருடைய குரலில் ஏற்றுவதற்கோ வரையறுத்த சட்டம் எதுவும் இல்லை.

ரகுமான் தாம் 'லால் சலாம்' பாடலில் ஒலித்த மறைந்த பாடகர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். 2024 ஜூனில் 'தி கோட்' படப் பாடலில் மறைந்த பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. இசைத் துறையில் சட்டம் கேட்காத ஒழுக்கத்தை உறவு கேட்டுப் பெறுகிறது. அரசியலிலும் உறவு இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அங்கே அனுமதி தரக்கூடிய வாரிசே, அந்தப் பேச்சால் பயன்பெறுபவராகவும் இருக்கிறார்.

வைகைக்கரை எழுதியது:

நான் இந்த இழையில் வயதில் இளையவன், மீம் உருவாக்குபவன். பெரியவர்கள் குரலை உருவாக்குவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். எனக்கோ வெட்டுவதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது; ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. தொடக்கத்தில் அதற்கு 15 நொடிதான். அதன்பின் ஒரு மணி நேரப் பேச்சில் எந்தப் பகுதி வாழும், எந்தப் பகுதி சாகும் என்று தீர்மானிப்பவர் பேச்சாளர் அல்லர். என்னைப் போன்ற ஒருவன். ஜெயலலிதாவின் 'செய்வீர்களா' இன்று யாரோ நண்பனைத் தேநீர் வாங்கித் தரச் சொல்லும் காணொளியில் வருகிறது. அந்தக் குரல் உண்மையானது, சொல் உண்மையானது. அவை மட்டும் வேறு. பேச்சாளர்களும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போதைய மேடைப் பேச்சுகளைக் கூர்ந்து கேட்டால், முழுப் பேச்சுக்கும் ஓட்டம் இருக்காது. வெட்டி எடுக்க வசதியாகப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் தனித்தனியாகப் பதித்து வைக்கப்பட்டிருக்கும். விஜய் 2025 ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினை 'அங்கிள்' என்று விளித்தது அந்தக் கூட்டத்தைக் காட்டிலும் அடுத்த நாள் கைப்பேசிகளுக்காகச் சொல்லப்பட்டது என்றே நான் கருதுகிறேன். 'உடன்பிறப்பே', 'ரத்தத்தின் ரத்தமே' என்பவை கேட்பவரை உறவாக்கிய விளிகள். 'அங்கிள்' எதிரியை நோக்கிய விளி. கேட்பவர் வேடிக்கை பார்ப்பவராக நிற்கிறார்.

பொறுப்பைப் பற்றி மகிழினி அக்கா எழுதியதில் ஒரு கிளைக் கேள்வி உண்டு. மீமுக்கு யார் பொறுப்பு? 2019 மே மாத இறுதியில் கட்டுமானப் பொறியாளர்களுக்கான ஒரு முகநூல் பக்கத்தில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்க, தமிழர் ஒருவர் 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்டிராக்டர் நேசமணியின் தலையில் அது விழுந்த கதையைச் சொன்னார். அதிலிருந்து நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் குறிச்சொல் பரவி, மே 30 அன்று பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற வேளையில் ட்விட்டரின் போக்குகளில் உயர்ந்து நின்றது. அதைப் பலர் அரசியல் கேலியாகவே படித்தார்கள். ஆனால் யாரும் அதை அரசியலாகச் சொல்லவில்லை. சொல்லாமலேயே சொல்லப்பட்ட அந்தப் பேச்சுக்கு மேடையும் இல்லை, பேச்சாளரும் இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது என்று எங்கள் தமிழாசிரியர் நடத்தினார். எட்டுக்கும் வடிவேலுவின் முகம் ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. 'நகை' மட்டும் தனிக் கோப்புறை.

சித்திரைவெயில் எழுதியது:

வடசென்னை வாசகி அவர்களின் மறுப்பு வலுவானது. ஆனாலும் மகிழினி அவர்களின் வாதத்துக்கு ஒரு தடை. குரலே இல்லாமல் ஒரு தேர்தல் வெல்லப்பட்டிருக்கிறது. 1984இல் எம்.ஜி.ஆர். பக்கவாதத்தால் பேச்சுத் தடைபட்டு நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் அங்கே இருப்பதைக் காட்டும் காணொளி தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை திரையிடப்பட்டது. அவர் ஒரு கூட்டத்திலும் பேசாமலேயே ஆண்டிபட்டியில் வென்றார், கட்சியும் வென்றது. அதற்கு முன்னும், 1967இல் குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படமே சுவரொட்டியாகி வாக்குக் கேட்டது. சொல்வன்மை என்பது இங்கே பேச்சாளரின் வருகையைச் சார்ந்திருந்ததே இல்லை, பிம்பத்தைச் சார்ந்திருந்தது. சேலத்துத் திரையும் அந்த வரிசையில் அடுத்தது.

தாமிரபரணியான் எழுதியது:

1984ஐ எடுத்துக்காட்டியமைக்கு நன்றி. ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் சாய்கிறது.

அந்தக் காணொளி எதை வாதிட்டது? தலைவர் உயிரோடிருக்கிறார், திரும்பி வருவார் என்ற ஒரே செய்தியை. அது மெய்யா பொய்யா என்று சோதிக்க வழியிருந்தது. சில வாரங்களில் சோதிக்கவும் பட்டது. 1985 பிப்ரவரியில் அவர் திரும்பி வந்து பதவியேற்றார். அதன்பின் பேசத் தடுமாறிய அந்த மனிதரை மக்கள் நேரில் பார்த்தார்கள். கேட்டதற்கும் கண்டதற்கும் இடையே இருந்த தொலைவை அவர்களே அளந்தார்கள். 1967 சுவரொட்டியும் அவ்வாறே: குண்டு உண்மை, காயம் உண்மை, அதன்பின் அவருடைய குரல் மாறிப்போனதும் உண்மை. மாறிய அந்தக் குரலை அவர் மறைக்கவில்லை. இருபது ஆண்டுகள் அதே குரலில் பேசினார். தழும்பு ஏறிய குரல் என்பதாலேயே அது நம்பப்பட்டது என்றுகூடச் சொல்வேன். இப்போது உருவாக்கப்படும் குரல்கள் முதுமையையும் நோயையும் துடைத்தெறிந்துவிட்டு வருகின்றன.

பின்னணிப் பாடல் வாதத்துக்கும் இதுவே மறுமொழி. சௌந்தரராஜனின் பெயர் இசைத்தட்டின் உறையில் இருந்தது. வாலியின் பெயரும் இருந்தது. அந்த மூவர் ஏற்பாடு ஒளிவுமறைவற்றது. ஒலிக்கூடம் குறிப்பிட்ட அந்தப் பெயரற்ற மனிதரின் பெயர் எந்த உறையில் இருக்கிறது? உரையை எழுதியவர் யார்? வைகைக்கரையின் கேள்விக்கு முழு மறுமொழி என்னிடம் உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் வெட்டியதை ஒட்டிப் பார்க்க மூலம் எங்கோ இருக்கிறது. உருவாக்கியதற்கு மூலமே இல்லை.

பந்தல்காரர் எழுதியது:

இப்போது மேடைக்கு இரு பக்கமும் எல்.இ.டி. திரை. கம்பத்துக் குழாய் போய்ப் பெரிய பெரிய பாக்ஸ் வந்துவிட்டது. தொலைவில் உள்ள பாக்சுக்குப் பிந்துதலைக் கணினியிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். முன்பே செய்த காணொளியை ஓட்டும்போது எங்கள் ஆட்களுக்கு வேலை இல்லை. கூட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கைதட்டல் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வரி அதே நொடியில் வரும். ஆரவாரத்தில் பாதி வரி மூழ்கிப்போனதை நானே கேட்டிருக்கிறேன். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

மகிழினி எழுதியது:

நடைமுறைக்கு வருவோம். தேர்தல் ஆணையம் 2024 மே 6 அன்று, பொய்யாக உருவாக்கப்பட்ட பதிவுகள் தம் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் அவற்றை நீக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவால் ஆனவற்றுக்கு அடையாளக் குறிப்பு வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அதற்கு அளவும் வகுத்தது: காட்சியென்றால் திரையில் பத்தில் ஒரு பங்கு, ஒலியென்றால் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்கு நேரம். சமூக ஊடகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. நம் ஊரில் வாக்குக் கேட்பது ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியின் வழியாகவும்தான். ஆட்டோ தெருமுனையில் இருக்கும்போது குறிப்பு முடிந்துவிடும். என் வீட்டு வாசலைக் கடக்கும்போது தலைவரின் குரல் மட்டும் கேட்கும். குறிப்பு இடையிடையே திரும்ப வர வேண்டும் என்றும், உரையை எழுதியவர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் சுவரொட்டியில் அச்சகத்தின் பெயர் இருப்பது போலக் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும் மனு ஒன்று தயாரிக்கிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு தேர்தல் துண்டறிக்கைக்கு அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரை ஏற்கெனவே கேட்கிறது. அதை ஒலிக்கு நீட்டுவதுதான் கோரிக்கை. ஒலிக்கூடம் அவர்களே, காதுக்குக் கேட்காத குறியீட்டை ஒலிக்குள்ளேயே பதிக்கலாம் என்கிறார்களே, அது ஆட்டோ ஒலிபெருக்கியிலிருந்து வரும்போது தப்பிக்குமா?

ஒலிக்கூடம் எழுதியது:

கணினிக் கோப்பாக இருக்கும்வரை ஓரளவு நம்பலாம். பந்தல்காரர் சொன்னபடி கூம்புக் குழாய் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் தின்றுவிடும். அதன்மேல் தெரு இரைச்சல். அதை ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி ஒரு சுருக்கம். இத்தனைக்கும் பிறகு குறியீடு எஞ்சும் என்று நீதிமன்றத்தில் யாரும் உறுதி கூற முடியாது. மனுவில் குறியீட்டைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள். காதுக்குக் கேட்கும் அறிவிப்பையே முதன்மைக் கோரிக்கையாக்குங்கள். அறிவிப்பு உருவாக்கப்பட்ட குரலிலேயே வரக் கூடாது, வேறொருவரின் இயல்பான குரலில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைவரே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதாக ஆகிவிடும்.